வெள்ளரிப் பந்தலுக்குள் சிக்கிய இருவர்

மீனவர் டெராமானின் ஆயுளிலேயே மிகப் பெரிய பிடி கடலில் விழவில்லை. சமையலறைக்குப் பின்னாலிருந்த வெள்ளரிப் பந்தலில்தான் விழுந்தது. ஒரே வலையில் இரண்டு சிக்கின. ஒன்று கருநாகம். இன்னொன்று டெராமான்.

படகை விற்ற கையோடு பழைய நைலான் வலையை மூங்கில் கால்களில் கட்டி அவர் வெள்ளரி ஏற்றியிருந்தார். மலேசியாவின் திரங்கானு கரையில் வீட்டுக்கு வீடு செய்வதுதான். ஆனால் அவரைக் கேட்டால், அவர் கொடி வளரும் சத்தம் பள்ளிவாசல் வரை கேட்குமாம். காய் ஒவ்வொன்றும் ஒரு துடுப்பாம். கம்பத்து ஊராரில் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். அடுத்த வீட்டு மெக் ஜாரா மட்டும் மாட்டாள். மீன் இறங்குதுறையில் தராசு பிடித்தவள். அவர் திமிங்கிலம் என்று கொண்டுவந்ததையெல்லாம் நிறுத்துப் பார்த்தவள்.

அன்று வெயில் ஏறுமுன் காய் பறிக்கப் போனார். ஒரு நாள் விட்டாலும் வெள்ளரி பருத்து மஞ்சளாகிவிடும். இலைக்கடியில் ஒளிந்திருந்த ஒன்றை எட்ட, வலைக்குள் தலையை நுழைத்தார். கறையான் அரித்த மூங்கில் முறிந்து, பந்தல் மொத்தமும் அவர்மேல் சரிந்தது. கைகள் உடம்போடு சுற்றிக்கொண்டன. சுணை இலைகள் முகத்தில் அப்பின. அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தபோது காதோரத்தில் ஏதோ சீறியது.

தவளை தேடி வந்து, நடு உடம்பு கண்ணியில் இறுகிக் கிடந்தது நாகம். இவர் மூச்சை இழுத்தால் வலை இறுகியது. வலை இறுகினால் அது ஒரு விரல் நெருங்கியது. முதுகில் வழிந்த வியர்வையில் படகு ஓட்டியிருக்கலாம். நெஞ்சு அடித்த அடியில் கொடியிலிருந்த பிஞ்சுகளெல்லாம் ஆடின. அவை ஆட ஆட அது படம் எடுக்கப் பார்த்தது.

மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஜாரா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஜாரா... பாம்பு,” என்றார், உதடு அசையாமல்.

“படகு நீளம் இருக்குமாண்ணே?” ஈரத்துணியை உதறினாள். “நேத்து சுறா, இன்னிக்குப் பாம்பு. நாளைக்கு முதலையப் பிடிச்சுக் கட்டி வைங்க, வந்து பாக்குறேன்.”

கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் படியேறுவது கேட்டது. கதவைச் சாத்தினால் தன் கதை முடிந்தது என்று டெராமானுக்குத் தெரிந்தது. உள்ளதைச் சொன்னாலோ, பயந்து வராமலே இருந்துவிடுவாள்.

“சின்னதுதாம்மா,” என்றார். “ஒரு சாண்தான் இருக்கும். கொஞ்சம் வந்துட்டுப் போ.”

காலடி நின்றது. இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து சின்னது என்ற சொல்லே வந்ததில்லை. ஜாரா கூடையைப் போட்டுவிட்டு, மீன் வெட்டும் கத்தியோடும் துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்த கவைக்கோலோடும் வேலியைத் தாண்டினாள். இலையை விலக்கியவள் முகத்தில் ரத்தமே இல்லை. கவையால் நாகத்தின் கழுத்தை அழுத்திக்கொண்டு, மறு கையால் அவர் பக்கத்து வலையை அறுத்தாள். அறுத்த வேகத்தில் வலையோடு அவர் சட்டையும் கிழிந்தது. அவர் தவழ்ந்து வெளியே விழுந்த பிறகும் அவள் கோலை எடுக்கவில்லை. அவர் போன் போட்டு வரவழைத்த தீயணைப்புக்காரர்கள் வந்து, பாம்பை வலைச் சுருளோடு சாக்கில் போட்டுக் கட்டியபோதுதான் விட்டாள்.

மறுநாள் கோப்பிக் கடையில் டெராமான் இதைச் சொன்னார். நாகம் அதற்குள் தென்னை மர உயரத்துக்கு வளர்ந்திருந்தது. மேசைக்கு மேசை சிரித்தார்கள். பிறகு, வழக்கம்போல எடை கேட்க, எல்லாரும் மெக் ஜாராவின் பக்கம் திரும்பினார்கள்.

அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“நடந்ததுதான்,” என்றாள். “பாருங்க, கோலைப் பிடிச்ச கை இன்னும் கோப்பியச் சிந்துது.”