சின்னபாப்பா வாங்கிய சிறகு

1

நான் தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு வாக்கியத்திலிருந்து இந்தக் கதை வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அரக்கோணத்தில் ரயில் மாறக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு பெண், யாரிடமோ என்றில்லாமல், "காத்து தீந்துபோச்சு. இனிமே நாளைக்குத்தான்" என்றாள். யாருக்கோ மூச்சு அடங்குகிறது என்று பதறித் திரும்பினேன். அவள் செல்போனைக் குறுக்காகப் பிடித்திருந்தாள். திரையில் ஒரு மேகம். மேகத்தின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு சின்ன உருவம்.

"கேம்ங்க" என்றாள். அதற்குள் அவள் ரயில் வந்துவிட்டது.

அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. நானாக சுஜாதா என்று வைத்தேன். திருத்தணியில் மலையடிவாரத்து லாட்ஜ் ஒன்றின் வரவேற்பு மேசையில் உட்காரவைத்து, ஒரு அக்காவையும் கொடுத்தேன். விளையாட்டுக்கு முகில்தீவு என்று பெயர். அதுவும் என் கற்பனைதான், போனில் தேடாதீர்கள்.

2

தொடக்கங்கள்:

"திருத்தணி மலைமேல் மேகம் இறங்கிய ஒரு காலையில், சுஜா" (விட்டுவிட்டேன். மலை என்று எழுதினாலே மேகத்தை இறக்கிவிடுகிற கை எனக்கு.)

"இணைய விளையாட்டுகளில் இலவசம் என்கிற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. ஒன்று" (இது கட்டுரை. கட்டுரைக்கு அக்கா எதற்கு?)

"சுஜாதா வானத்தில் உட்கார்ந்திருந்தபோது மாடி அறைக்காரர் சுடுதண்ணி கேட்டார்."

இது நிற்கிறது. இதிலிருந்தே போகலாம்.

3

சுஜாதா வானத்தில் உட்கார்ந்திருந்தபோது மாடி அறைக்காரர் சுடுதண்ணி கேட்டார். "ஆங், வருதுங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, ராஜீவைக் கைகாட்டி அனுப்பினாள். ராஜீவ் லாட்ஜில் அறைகளைப் பார்த்துக்கொள்கிறவன். கல்யாணமானவன், அவளைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். அவனும் முகில்தீவு ஆடியவன்தான். வெறுத்துப்போய் விட்டுவிட்டான்.

மதியத்தில் லாட்ஜ் தூங்கும். சாமி பார்க்க வந்தவர்கள் மேலே போயிருப்பார்கள். சாவிகள் ஆணியில் தொங்கும். விபூதியும் ஈரத்துண்டும் கலந்த ஒரு வாசனை வராந்தாவில் நிற்கும். அந்த நேரத்தில்தான் அவள் மேகத்துக்குப் போவாள்.

ஆட்டம் எளிது. நான்கு நான்கு பேராகச் சேர்ந்து, தீவுக்குத் தீவு தாவி, விளக்குகளை ஏற்றவேண்டும். எதிர் அணி அணைக்கப் பார்க்கும். தாவுவதற்குக் காற்று வேண்டும். இலவசமாக ஆடுகிறவர்களுக்கு ஒரு நாளைக்குக் கொஞ்சம் காற்றுதான். தீர்ந்தால் சோப்பு விளம்பரம் பார்க்கலாம், ஒரு மூச்சு கிடைக்கும். இல்லையென்றால் வாங்கலாம்.

பேசுவதற்கும் காசு. சும்மா ஆடுகிறவர்களுக்குச் செய்தி அடிக்க எழுத்து கிடையாது. விளக்கைத் தூக்கிக் காட்டலாம், சீட்டியடிக்கலாம், தலைகுனியலாம். அவ்வளவுதான்.

(இதை நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால், உங்கள் வீட்டில் ஆடுகிறவர்கள் யாரையாவது கேளுங்கள். குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன் என்பார்கள்.)

ஒருநாள் ஆட்டம் தானாகச் சேர்த்துவிட்ட அணியில் ஒரு பெயர் இருந்தது: பெரியபாப்பா பொதட்டூர்.

சுஜாதாவுக்குக் கை நின்றுவிட்டது. பெரியபாப்பா என்று உலகத்தில் ஒருத்தியைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுடைய அக்கா வசந்தி, பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே விசைத்தறி போட்டு லுங்கி நெய்கிறவள். அவளோடு சுஜாதா பேசி வருஷக்கணக்காகிறது.

4

ஏன் பேசவில்லை என்பதை எழுதவேண்டிய இடம் இது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

வசந்திக்குக் கொழுந்தன் முறையாகிற பூபாலனை, அம்மையார்குப்பத்தில் பார்த்துப் பேசி, சுஜாதாவுக்குக் கட்டிவைத்தது வசந்திதான். பூபாலன் அடிக்கிறவனில்லை, குடிக்கிறவனில்லை. பேசமாட்டான். குழம்பில் உப்பு குறைந்தால் தட்டை நகர்த்தி வைப்பான், அதுதான் பேச்சு. சுஜாதா காய்ச்சலில் கிடந்த வாரம் அவளைத் தாண்டி நடந்துபோய்த் தறியில் உட்கார்ந்தான். காய்ச்சல் விட்ட அன்று அவள் ஒரு பையோடு பஸ் ஏறிவிட்டாள்.

"அடிக்கல, குடிக்கல. வேற இன்னாடி வேணும் உனக்கு?" என்று கேட்டாள் வசந்தி.

"பேச ஆள் வேணும்க்கா."

"அதுக்குன்னு வாழ்க்கைய உட்டுட்டு வருவியா? திரும்பிப் போ. போய்ட்டு அப்பறம் எங்கிட்ட வா."

சுஜாதா திரும்பிப் போகவில்லை. அக்காவிடமும் போகவில்லை.

[இங்கே பூபாலனைப் பற்றி இன்னும் ஒரு பத்தி இருந்தது. அவன் பக்கத்து நியாயம். எழுதிப் பார்த்தேன், அவன் அதிலும் பேசவில்லை. எடுத்துவிட்டேன்.]

5

சுஜாதாவின் பெயர் அப்போது ஆட்டத்தில் ராணி என்று ஏதோ எண்ணோடு இருந்தது. பெயரை மாற்ற முதல்முறை மட்டும் இலவசம். அந்த ஒரு முறையை அவள் அன்று செலவழித்தாள். வீட்டில் அவளைக் கூப்பிட்ட பெயரையே, சின்னபாப்பா என்று வைத்தாள். வைத்துவிட்டு, போனைக் கவிழ்த்துப்போட்டு, ஒரு குடும்பத்துக்கு அறை காட்டப் போனாள்.

மறுநாள் அதே தீவின் விளிம்பில் பெரியபாப்பா நின்றுகொண்டிருந்தாள். சின்னபாப்பாவைக் கண்டதும் அசையவில்லை. பிறகு மெதுவாக விளக்கைத் தூக்கினாள்.

சுஜாதாவும் தூக்கினாள்.

அதற்கப்புறம் பெரும்பாலான மதியங்கள் அப்படித்தான். பொதட்டூரில் கரண்ட் போனால் தறி நிற்கும். தறி நின்றால் அக்கா வானத்துக்கு வருவாள். கரண்ட் வந்ததும், தாவுகிற பாதியில்கூட, காணாமல் போவாள். அந்த இடைவெளிக்குள் இருவரும் தாவுவார்கள். காற்று தீர்ந்ததும் ஒரே மேகத்தில் உட்காருவார்கள். கீழே நீலமாக எதுவுமில்லாமல் இருக்கும். ஒரு சொல் கிடையாது. லாட்ஜ் மின்விசிறியின் காற்று அந்த மேகத்திலிருந்துதான் வருகிறது என்று சுஜாதாவுக்குத் தோன்றும். சில நாள் அப்படியே கண்சொருகிவிடுவாள். விழிக்கும்போது பெரியபாப்பா பக்கத்திலேயே, காவல் மாதிரி, விளக்கோடு இருப்பாள்.

போன் செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அவளைக் கேட்டேன். எண் இருந்தது. எடுத்துப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். பேசினால் திரும்பிப் போ என்பதிலிருந்துதான் பேச்சு தொடங்கவேண்டும். மேகத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இங்கேயே முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் இலவச விளையாட்டு யாரையும் ஓர் இடத்தில் நிம்மதியாக உட்காரவிடாது. உட்கார்ந்திருப்பவரிடமிருந்து கம்பெனிக்கு என்ன கிடைக்கும்?

6

முகில்தீவில் சிறகு விற்க ஆரம்பித்தார்கள்.

தங்கச் சிறகுக்காரர்களுக்குக் காற்று தீராது. நேற்று வந்தவன் ஒருவன் மேலிருந்து இறங்கி, ஒரே வீச்சில் இவர்களுடைய விளக்கை அணைத்துவிட்டுப் போனான். சுஜாதாவுக்கு எந்தத் தீவில் எந்தப் பக்கம் காற்றடிக்கும் என்பது மனப்பாடம். அது எதற்கும் உதவவில்லை. அக்காவும் அவளும் ஏற்ற ஏற்ற அணைந்தது. ஒருநாள் பெரியபாப்பாவை மேகத்திலிருந்து தள்ளிவிட்டு, அவள் விழுவதைப் பார்த்து நடனமாடினான் ஒருத்தன். அந்த நடனமும் விலைக்கு வாங்கியதுதான்.

"இன்னாடா இது, ரெண்டு வருஷமா ஆடிகினு இருக்கேன், நேத்து வந்தவன் மெதிக்கிறான்" என்றாள் சுஜாதா.

ராஜீவ் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தான். "காசு குடுத்தவனுக்கு அடிக்க ஆள் வேணாமாக்கா? அதுக்குத்தான் நம்பள ஓசில உள்ள உட்டுகிறான்."

அவளுக்குச் சுருக்கென்றது.

பிறகு குலுக்கல் பெட்டி வந்தது. திறந்தால் என்ன வருமென்று தெரியாது. பரிசுகளிலேயே பெரியது மயில் சிறகு.

"மயிலெறகுக்குக் காசா?" என்று சிரித்தான் ராஜீவ். "நம்ம மலைல காவடிக்காரங்க போனப்பறம் பெருக்கித் தள்றாங்க."

அவளும் சிரித்தாள். ஆனால் அக்கா மறுபடி ஒருமுறை விழுந்த மதியம், சம்பளம் வந்திருந்த மதியம், சுஜாதா பெட்டியைத் திறந்தாள். ஒன்று. இன்னொன்று. பித்தளைக் குல்லா, கிழிந்த குடை, மறுபடி குல்லா. நிறுத்தமுடியவில்லை. எத்தனை என்று நான் எண்ணவில்லை, அவளும் எண்ணவில்லை.

மயில் சிறகு வந்தது.

திரை முழுக்க நீலமும் பச்சையுமாக விரிந்தது. அவள் எழுந்தே நின்றுவிட்டாள். இனி எவனாவது அக்காமேல் கைவைக்கட்டும்!

சின்னபாப்பா தானாக எழும்பினாள். மேகங்களைக் கிழித்துக்கொண்டு ஏறினாள். மேல்வானம் என்று எழுத்து வந்தது. பொன்னிறத்தில், பரந்து, அழகாக, கிட்டத்தட்ட ஆளே இல்லாமல் இருந்தது. இருந்த சிலரும் பெட்டியில் கிடைக்காத வைரச் சிறகை நேராக வாங்கியவர்கள். வந்த வேகத்தில் அவள் விளக்கை அணைத்தார்கள்.

கீழே இறங்கப் பார்த்தாள். முடியவில்லை. தங்கச் சிறகோடு கீழேயும் ஆடலாம்; மயில் சிறகு வாங்கியவர்களுக்குக் கீழ்வானம் கிடையாது.

மேகத்தின் இடுக்கில், வெகு கீழே, ஒரு பொட்டு வெளிச்சம் தூக்கித் தூக்கி ஆடிக்கொண்டிருந்தது.

இப்போது அவளுக்கு எழுத்து இருந்தது. சிறகோடு சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அக்கா என்று அடித்தாள். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அக்காவுக்கு அவள் அனுப்பிய முதல் சொல்.

"இந்த ஆட்டக்காரர் உங்கள் வானத்தில் இல்லை" என்றது விளையாட்டு.

7

முடிவுகள்.

அ. சுஜாதா கம்பெனிக்குப் புகார் எழுதுகிறாள், அவர்கள் சிறகைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். (எழுதினாள். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. கூடவே பாதி விலையில் ஒரு குலுக்கல் பெட்டி.)

ஆ. புதுக் கணக்குத் திறக்கிறாள். (திறந்தாள். புதியவர்கள் பள்ளத்தாக்கில் பல நாள் பழகினால்தான் மேகத்துக்கே வரமுடியும். சீக்கிரம் போகவேண்டுமா என்று கேட்டு ஒரு பொத்தான் மின்னியது. போனை மேசைமேல் வீசினாள்.)

இ. வசந்தியும் சிறகு வாங்கி மேலே வருகிறாள். (எனக்கு இது பிடித்திருந்தது. ஆனால் வசந்தி வாங்கமாட்டாள். நூலையே இழுத்துப் பார்த்து வாங்குகிறவள், வெறும் வெளிச்சத்தை எப்படி வாங்குவாள்?)

மூன்று நாள் நான் எழுதவில்லை. என் கதையில் அவள் லாட்ஜ் மேசையில் போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். கீழே அந்த வெளிச்சம் முதலில் தினமும் வந்தது. பிறகு வந்ததும் உடனே அணைந்தது. பிறகு வரவில்லை. விட்டுவிட்டுப் போனவள் என்று அக்கா இரண்டாம்முறையும் நினைத்திருப்பாள்.

நான்காம் நாள் உட்கார்ந்தபோது, சுஜாதா சாவிக்கொத்தை ராஜீவிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா போற?"

"பொதட்டூருக்கு. மொதலாளி கேட்டா சொல்லிடு."

8

பஸ்ஸில் ஜன்னலோரம். கரும்பு, செங்கல் சூளை, மறுபடி கரும்பு. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஊர்கள் நகர்ந்தன. அவள் சொல்லவேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். "நான் வேணும்னு" என்று தொடங்கி, விட்டாள். "அக்கா, அது இன்னான்னா" என்று தொடங்கி, அதையும் விட்டாள். (என்னைப் போலவேதான்.)

இறங்கியதும் தறிச் சத்தம் தெருவையே ஆட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. வசந்தி முதுகைக் காட்டி நின்று அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். தலையில் நரையா, பஞ்சா என்று தெரியவில்லை.

"அக்கா" என்றாள் சுஜாதா. சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை.

வசந்தி எதற்கோ திரும்பினாள். பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்து நானும் பேனாவைப் பிடித்திருந்தேன். அவள் வந்து தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து, விறுவிறுவென்று தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தெருக்கோடியில் சாயம் போட்ட நூல் காய்ந்துகொண்டிருந்தது. சத்தம் அங்கே கொஞ்சம் தணிவு.

வசந்திக்கு மூச்சு வாங்கியது. பிடித்த கையை விடவில்லை. பூபாலனைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

"மேல எப்டிடி இருக்குது?" என்றாள்.

எந்த மேல் என்று அவள் சொல்லவில்லை. திருத்தணியா, அந்தப் பொன்னிற வானமா, புருஷனை விட்டுவந்தபின் வாழ்கிற வாழ்க்கையா. சுஜாதாவுக்குப் புரிந்தது. ஈரநூல் பக்கத்தில் சொட்டியது.

"மேல..." என்று தொடங்கினாள்.

பேனாவை மூடிவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து ஒருத்தி பேச வாயெடுக்கிறாள். பக்கத்தில் நின்று எழுதிக்கொள்வது முறையில்லை. நீங்கள் வேண்டுமானால் இருந்து கேளுங்கள்.