பெயர் கூவும் உரிமை

முதிய தலைவர் மண்ணுக்குள் போய் ஒரு மாதம் ஆகியும் கெல்வன் நாட்டில் ஓ'கெல்வன் என்று ஒருவரும் இல்லை. கெல்வன் குடியில் பிறந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆளுக்கொரு முன்பெயரும் இருந்தது. ஆனால் முன்பெயரைத் துறந்து, ஓ'கெல்வன் என்ற குடிப்பெயரால் மட்டும் அழைக்கப்படும் தகுதி ஒரு சமயத்தில் ஒருவனுக்கே உரியது. அவனை நாக்ரூவா குன்றின் மேலுள்ள கல்லில் நிறுத்தி, மக் டூரன் வீட்டார் ஒருவர் தோலுரித்த வெள்ளைக் கோலைக் கையில் கொடுத்து, அப்பெயரை உரக்கக் கூவ வேண்டும். கூவும் வரை அவன் பத்தோடு பதினொன்று. கூவிய பிறகு அவனே நாடு.

மக் டூரன் வீட்டில் மிஞ்சியிருந்தவள் கோர்ம்லா ஒருத்திதான். அவளுடைய அண்ணன் குளிர்காலக் காய்ச்சலில், பிள்ளையின்றிப் போய்ச் சேர்ந்திருந்தான். இறந்த தலைவருக்கு அவள் மனைவி. எந்தக் குரல் அடுத்த தலைவனை ஆக்க வேண்டுமோ அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிக்கு ஒரு மகனும் இருந்தான். சிக்கல் அங்கேதான் முளைத்தது.

அவளுடைய கணவர் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் டப்ளினுக்குப் போய், நாட்டை இங்கிலாந்து ராணியிடம் ஒப்படைத்து, அதையே ராணியின் கொடையாகத் திரும்பப் பெற்று வந்தார். கூடவே ‘கெல்வன் பிரபு’ என்ற பட்டமும், பட்டம் மூத்த மகனுக்கும் அவனுக்குப் பின் அவனுடைய மூத்த மகனுக்கும் போகும் என்ற முத்திரையிட்ட தோலோலையும் வந்தன. தன் பசுவை அடுத்தவனுக்குத் தானம் செய்துவிட்டு, அவனிடமே பாலுக்குக் கையேந்தியவர் என்று பங்காளிகள் அவரை முகத்துக்கு நேரே ஏசினார்கள். ஒப்பந்தத்துக்குப் பிணையாக, ஏழு வயது மகன் ரேமனை டப்ளினில் விட்டுவிட்டு வந்த மனிதரிடம் கோர்ம்லா ஓராண்டு பேசவில்லை.

கெல்வன் குடியின் முறையோ வேறு. ஒரு கொள்ளுப்பாட்டனின் வழிவந்த ஆண்மக்கள் யாவரும் தகுதியுடையவர்கள். அவர்களுள் வல்லவனைக் குடி கூடித் தேர்ந்தெடுக்கும். அடக்கம் முடிந்த மறுநாள் அவர்கள் கூடி, இறந்தவரின் தம்பி மகன் ஃபெலிமைத் தேர்ந்தார்கள். கோர்ம்லாவுக்கு அவனைப் பிடிக்காது. சாப்பிடும்போது பாடுவான், சாவு வீட்டில் சிரிப்பான், அவளுடைய நல்ல குதிரையைக் கேட்காமல் பந்தயத்துக்கு ஓட்டி, நொண்டியாகத் திருப்பிக் கொடுத்தவன். ஆயினும் மாடு கவரப் போனால் எல்லாரையும் முன்னே அனுப்பிவிட்டுக் கடைசியில் திரும்புபவன் அவன்தான். வழக்குத் தீர்த்தால் இருதரப்பும் தாமே வென்றதாக எண்ணி வீடு திரும்பும். குடி பார்த்துச் செய்த தேர்வில் குறை சொல்ல அவளுக்கு ஒன்றுமில்லை.

கோல் கைமாறுவதற்குள் ராணியின் அதிகாரி ஷெரீப் வின்யார்ட் முப்பது துப்பாக்கிக்காரர்களுடன் வந்து சேர்ந்தான். பழைய கோலை அடுப்பில் போட்டான். பெயர் கூவுவது ராஜத்துரோகம் என்று முரசறைந்தான். ஃபெலிமைப் பிடித்து விலங்கிட்டான். டப்ளினிலிருந்து கூட்டிவந்த இருபத்தைந்து வயது ரேமனைத் தலைவரின் நாற்காலியில் உட்கார வைத்தான். அதன் பிறகு எதுவும் நடக்கவில்லை. வரிமாடுகளைக் கொண்டுவர ஆள் போனால், “ஓ'கெல்வன் சொன்னாரா?” என்று மேய்ப்பர்கள் கேட்டார்கள். பிரபு சொன்னார் என்றால், “அவரு எந்த ஊரு?” என்றார்கள். பூட்டுவதற்கு ஏர் கிடைக்கவில்லை. வழிகாட்ட ஆள் கிடைக்கவில்லை. கேட்ட பேருக்கெல்லாம் திடீரென்று காது மந்தமாகிவிட்டது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த ஷெரீப், தான் தடைசெய்த சடங்கே தனக்குத் தேவை என்பதை உணர்ந்து, கோர்ம்லாவைக் கூடத்துக்கு அழைத்தான்.

அவனுக்கு இந்நாட்டு மொழி தெரியாது. மொழிபெயர்த்தவன் ரேமன். வெல்வெட் சட்டையும் கத்தரித்த தாடியுமாக நின்ற அம்மகனின் நாவில் தாய்மொழி ஏழு வயதோடு நின்றுபோயிருந்தது. அவன் வாய் திறக்கும்போதெல்லாம் கோர்ம்லா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அம்மா, இவரு சொல்றாரு... நீ நாளைக்குக் குன்றுக்கு வந்து என்னைக் கூப்புடணுமாம். ஓ'கெல்வன்னு கூப்புடணுமாம். கூப்ட்டா ஃபெலிமை வுட்டுடுவாராம்.”

“கூப்பிடலேன்னா?”

ரேமன் ஷெரீப்பைக் கேட்கவில்லை. விடை அவனுக்கே தெரிந்திருந்தது. “கூப்புடலேன்னா ஃபெலிமைத் தூக்குல தொங்க வுட்டுடுவாராம். என்னையும் டப்ளினுக்கே கூட்டிட்டுப் போயிடுவாராம். அங்க எனக்குப் புடிக்கல அம்மா.”

ஒரு சொல் போதும். மகன் வீட்டோடு இருப்பான், ஃபெலிமும் பிழைப்பான். இழப்பதெல்லாம் குடியின் தேர்வு ஒன்றுதான். தேர்வுக்குக் கழுத்து இல்லை, அதற்காக அழத் தாயும் இல்லை.

“வரேன்னு சொல்லு,” என்றாள். “ஆனா முறை தப்பக் கூடாது. கல்லுல நிக்கிறவன் கையில ஆயுதம் இருக்கக் கூடாது. மேல போர்வை இருக்கக் கூடாது, தலையில குல்லா இருக்கக் கூடாது. ஒரு கால் வெறுங்காலா இருக்கணும். அந்தக் காலைக் கல்லுல வெட்டியிருக்கிற பாதத்துக்குள்ள வைக்கணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் என் வாய் திறக்காது.”

ரேமன் சொல்லி முடித்ததும் ஷெரீப் சிரித்துவிட்டுத் தலையசைத்தான். காட்டுமிராண்டிகளுடைய விளையாட்டு, விளையாடிவிட்டுப் போகட்டும்.

மறுநாள் காலையிலிருந்தே தூறல். குன்றடியில் கணவரின் சித்தப்பா மெலாக்லின் காத்திருந்தார். குடியின் சட்டம் முழுவதும் அவர் வாயில் இருந்தது, பற்கள்தாம் இல்லை.

“தாயி, பொம்பளை கூவி நம்ம நாட்டுல கேட்டதில்லைன்னு பசங்க முணுமுணுக்கிறாங்க.”

“சட்டம் என்ன சொல்லுது, சின்ன மாமா?”

“மக் டூரன் வீட்டுக் குரல்னு சொல்லுது. தாடியைப் பத்தி ஒண்ணும் சொல்லல.” கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பெத்த வயிறு. நீ உன் புள்ளையக் கூவினா உன்னைப் பழிக்க மாட்டேன். உன் விருப்பம்.”

“விருப்பமா? நான் என்ன சந்தையில துணி பார்க்கவா வந்திருக்கேன்?” என்று சீறிய கோர்ம்லா, வழியோர ஹேசல் புதரில் நேரான கிளையொன்றை ஒடித்து, நடந்துகொண்டே அதன் பட்டையை உரிக்கலானாள். கோல் எரிந்துவிட்டால் இன்னொரு கோல். புதர் எங்கும் போய்விடவில்லை.

மேலே குடி முழுவதும் திரண்டிருந்தது. ஆயுதமின்றி வரவேண்டும் என்ற ஆணைப்படி ஆயுதமின்றியே வந்திருந்தார்கள். முகத்தில் மட்டும் அவரவர் ஆயுதம் இருந்தது. துப்பாக்கிக்காரர்கள் வட்டமாக நின்று, மழையில் அணையும் துப்பாக்கித் திரிகளை ஊதிக்கொண்டிருந்தார்கள். ரேமன் தொடை வரை ஏறிய காலணியும் மார்புக் கவசமும் இடுப்பில் வாளுமாகக் கல்லருகே நின்றான்.

“கழட்டு,” என்றாள் கோர்ம்லா.

ரேமன் வாளின் வாரில் கை வைத்தான். ஷெரீப் விரைந்து வந்து, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து ஏதோ சொன்னான். ரேமனுடைய விரல்கள் நின்றுவிட்டன.

“இவரு வேணாங்கிறாரு அம்மா. சுத்தி இவ்ளோ பேரு இருக்காங்க, வெறுங்கையோட நிக்காதேங்கிறாரு. காலணி மட்டும் கழட்டலாமாம்.”

“இவங்கள்லாம் யாரு?”

“சொந்தக்காரங்க.”

“சொந்தக்காரங்க நடுவுல வாளில்லாம நிக்கிறதுதாண்டா இந்தப் பட்டமே. அவரு சொன்னது இருக்கட்டும். நீ என்ன சொல்ற?”

மழைநீர் அவன் தாடியிலிருந்து சொட்டியது. அவன் ஷெரீப்பைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், மறுபடியும் ஷெரீப்பைப் பார்த்தான். கை அசையவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவன், “பொறுங்கப்பா, டப்ளினுக்கு ஆள் அனுப்பிக் கேட்டுட்டு வரட்டும்!” என்றான். சிரிப்பு எழுந்தது. கோர்ம்லா திரும்பிப் பார்த்ததும் அது அடங்கியது.

ஷெரீப்புக்குப் பொறுமை தீர்ந்தது. ஃபெலிமைக் கொண்டுவரச் சொன்னான். எல்லார் கண்ணெதிரிலும் அவன் புதிய பிரபுவுக்கு மண்டியிட்டால், மற்றச் சில்லறைகளை இவர்கள் மறந்துவிடுவார்கள் என்பது அவன் கணக்கு.

ஃபெலிமை இருவர் இழுத்து வந்தார்கள். பிடித்த அன்றே அவனுடைய கத்தியைப் பறித்திருந்தார்கள். அவனுடைய கம்பளிப் போர்வை பிடித்துப்போய் ஒரு சிப்பாய் அதைப் போர்த்தியிருந்தான். தலையில் ஒன்றுமில்லை. சதுப்பு நிலத்தின் வழியாக இழுத்து வந்ததில் இடது கால் முழங்கால் வரை சேறு.

“மன்னிக்கணும் பெரியம்மா,” என்றான் அவன், உதடு வீங்கியிருந்தும் பல்லைக் காட்டி. “ஒரு செருப்பைச் சேறு தின்னுடுச்சு. பெரிய சபைக்கு வர்ற கோலமா இது!”

சிப்பாய்கள் அவனைக் கல்லின் மேல் தள்ளினார்கள். விழாமல் ஊன்றிக்கொண்டவன், குனிந்து பார்த்து, வெறும் இடதுகாலைக் கல்லில் வெட்டியிருந்த பாதத்துக்குள் வைத்தான்.

குன்று முழுவதும் அந்தக் காலைப் பார்த்தது. ஆயுதமில்லை, போர்வையில்லை, தலை திறந்திருந்தது, ஒரு கால் வெறுங்கால். சட்டம் கேட்ட கோலத்தில் அங்கு நின்றவன் அவன் ஒருவனே. அந்தக் கோலத்தை அவனுக்குச் செய்து கொடுத்தவன் ஷெரீப். செய்தது இன்னதென்று அறியாதவனும் அவன் ஒருவனே.

கோர்ம்லா கோலுடன் கல்லை நெருங்கினாள். சொல்லப்போவதை ஷெரீப்புக்கென மொழிபெயர்க்க ரேமனுக்கு அவகாசம் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். சொன்ன பிறகு மகன் தன்னுடையவனாக இருக்க மாட்டான் என்பதும் தெரியும்.

“கூவினா உன் கழுத்துக்குக் கயிறு வரும்,” என்றாள் மெதுவாக.

“வரட்டும். பேரோட போறேன். பேரில்லாம போனா எங்கப்பா அங்க வாசல்லயே நிறுத்தி உதைப்பாரு.” அவன் குரல் தணிந்தது. “ஆனா உங்களுக்கு... அங்க நிக்கிறவன் உங்க புள்ள, பெரியம்மா.”

“எனக்குத் தெரியாததை நீ சொல்ல வேணாம். கையை நீட்டு.”

விலங்கு குலுங்க இரு கைகளும் நீண்டன. கோலை அவற்றில் வைத்து, கதிரவன் செல்லும் திசையில் அவனை ஒருமுறை வலம் வந்து, அவன் முகத்துக்கு எதிரே நின்றாள். பெண்குரல் மழையில் எடுபடுமோ என்று ஐயுற்றவர்கள் இருந்தார்கள். அது பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் மோதித் திரும்பி வந்தது.

“ஓ'கெல்வன்!”

குடி மொத்தமும் ஒரே வாயாக அதைத் திருப்பிச் சொன்னது. குதிரைகள் பின்வாங்கின. சிப்பாய்கள் நனைந்த திரிகளைப் பார்த்தார்கள். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்கள். துப்பாக்கியை உயர்த்துவதில் பயனில்லை என்பது அவர்களுக்கு விளங்கியது. ஷெரீப்பின் முகம் வெளுத்துப் பிறகு சிவந்தது. ரேமனின் தோளைப் பற்றி உலுக்கிக் கத்தினான்.

“இவனை இன்னைக்கே தொங்க வுடுவேன், உங்க பேரு செத்துப்போச்சுங்கிறாரு அம்மா,” என்றான் ரேமன்.

“நல்லாக் கேட்டுச் சொல்லு. அவங்க முறையில ஒரு மூத்த புள்ள செத்தா மரமே பட்டுப்போகும். எங்க முறையில பாட்டன் ஒருத்தரு, கிளை அம்பது. இவரைத் தூக்குல போட்டா அடுத்தவரை நிறுத்துவோம். அவரையும் போட்டா அதுக்கடுத்தவரு. கயிறு திரிக்கிற கை சலிக்கும். புள்ள பெக்கிற எங்க வயிறு சலிக்காது. இவரு உசுரோட இருந்தாத்தான் பேசுறதுக்காவது ஒரு ஆள் இருக்கும்.”

ரேமன் நெடுநேரம் ஷெரீப்பிடம் பேசினான். அவள் சொன்னதைத்தான் சொன்னானா, தன் சொல்லையும் சேர்த்தானா என்பதை அவளால் அறிய முடியவில்லை. இறுதியில் ஷெரீப் காறித் துப்பிவிட்டு, கைதியைக் குதிரையில் ஏற்றச் சொன்னான். அங்கேயே கொல்வதற்கு அவனுக்குத் துணிவில்லை. பெயரில்லாத ஒருவனைத் தொங்கவிட யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஓ'கெல்வனைத் தொங்கவிட டப்ளினைக் கேட்டாக வேண்டும்.

“உன்னையும் கூட்டிட்டுப் போகணுமாம் அம்மா.”

“போகலாம்.”

இருவரும் சரிவில் இறங்கினார்கள். பாதி வழியில் ரேமன் நின்றான். “நான் வாளைக் கழட்டியிருந்தா? என் பேரைக் கூப்ட்டிருப்பியா?”

பொய் சொல்வது எளிது. அவனுக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கும். “மாட்டேன்,” என்றாள். “அவரைக் குடி தேர்ந்தெடுத்துச்சு. ஆனா நீ கழட்டியிருந்தா, மாட்டேங்கிறது எனக்கு இதைவிடக் கஷ்டமா இருந்திருக்கும்.”

அவன் முன்னே நடந்தான். அவள் அவனை அழைக்கவில்லை.

குன்றின் மேலிருந்து மறுபடியும் ஒரு பேரொலி எழுந்தது. ஷெரீப் கடிவாளத்தை இழுத்து நிறுத்தி, அது என்ன என்று கேட்டான். ரேமன் சற்றே காதுகொடுத்துவிட்டுத் தாயைப் பார்த்தான்.

“ஓ'கெல்வனுக்கு அடுத்த வாரிசா நம்ம பங்காளி அர்தலைத் தேர்ந்தெடுத்தாச்சு,” என்றாள் கோர்ம்லா. “அவருகிட்டச் சொல்லு. வழக்கமா விருந்து வச்சு மூணு நாள் வாதாடித்தான் முடிப்போம். இன்னைக்கு விருந்தாளி அவசரத்துல இருக்காரேன்னு சீக்கிரமா முடிச்சுட்டாங்க.”