எட்டு டிகிரி இரக்கம்

ஓர்வோக்கியின் ஸ்கேன் படத்தில் ஒரு புள்ளிகூட எரியவில்லை. கழுத்தின் இருபுறமும் தோளுக்கு மேலும் ஒளிர வேண்டிய இடமெல்லாம் இருட்டு. டாக்டர் தொர்ஸ்தி திரையை ஒரு பார்வை பார்த்து, இந்த அம்மாவுக்குப் பழுப்புக் கொழுப்பே இல்லை போல என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் ஹெல்யா திரையிலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டாள். ஏன் எரியவில்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வடகோடிக் குளிர் தேசத்தின் துர்க்கு நகரத்து அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை இவ்வளவுதான். குளிர்ந்த நீர் ஓடும் உடுப்பை மாட்டி ஆளை இரண்டு மணி நேரம் படுக்க வைக்க வேண்டும். நடுக்கம் தொடங்க ஒரு படி இருக்கும்போது நிறுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது உடம்பு தன்னைச் சூடாக்கிக்கொள்ளப் பழுப்புக் கொழுப்பைக் கொளுத்தும்; எரிகிற இடம் படத்தில் ஒளிரும். வெள்ளைக் கொழுப்பு சேர்த்து வைக்கிற ரகம், இது செலவழிக்கிற ரகம். யாருக்கு எவ்வளவு எரிகிறது, அதனால் எடை எவ்வளவு கட்டுக்குள் நிற்கிறது என்பதுதான் அவர்கள் தேடும் விடை. குளிர் விட்டால் அந்த அடுப்பு அணைந்துவிடும்.

ஓர்வோக்கி பஸ் ஓட்டுகிறவள். ஐம்பத்திரண்டு வயது, நூற்றுப் பதினெட்டு கிலோ. சோதனையன்று படுத்த அரை மணியில் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அவள் முனகவில்லை, பொறுத்துக்கொள்வதைப் பெருமையாக நினைக்கிற இந்த ஊரில் யார்தான் முனகுவார்கள்? பாதங்கள் மட்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன. வந்தவர் காலைக் குளிர விடுவது ஹெல்யா வளர்ந்த வீட்டில் பாவத்தில் சேர்த்தி. தான் பின்னிய கம்பளிக் காலுறையை எடுத்து மாட்டிவிட்டாள். அதோடு நின்றாளா? போர்வையைப் போர்த்தினாள், நீரின் சூட்டையும் ஏற்றினாள். நடுங்கினால் ஒரே ஒரு டிகிரி ஏற்றி, அதைத் தாளில் எழுத வேண்டும் என்பது விதி. இவள் எட்டு டிகிரி ஏற்றினாள், எதையும் எழுதவில்லை. பெரிய புண்ணியவதி! ஓர்வோக்கியோ இதுவும் சோதனையில் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொண்டாள்.

ஹெல்யா அன்றே டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலைக்கே உலை. நாளை சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள், நாளை அடுத்த வாரமாயிற்று. அதற்குள் பழுப்புக் கொழுப்பு இல்லை என்ற முடிவுக் கடிதம் ஓர்வோக்கியின் வீட்டுக்குப் போய்விட்டது.

மூன்றாவது வாரம் எடை பார்க்க வந்த ஓர்வோக்கியின் கையில் ஏலக்காய் ரொட்டிப் பொட்டலம், காலில் அதே காலுறை. ஆளே மாறியிருந்தாள். கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாளாம். புருஷன் கவுகோ இருபது வருஷமாக அவள் தட்டில் விழும் ரொட்டியை எண்ணுகிறவன். கடிதத்தைப் படித்துவிட்டு, சவுனா என்னும் நீராவி அறையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தானாம்.

"உன்னச் சோம்பேறின்னு சொன்னது தப்புன்னு சொன்னாரு," என்றாள். "அந்த மனுஷன் வாயிலேருந்து! எனக்கு அடுப்பே வைக்காம அனுப்பிட்டாங்கன்னா நான் என்ன செய்யறது?"

சும்மா இருந்துவிடு, யாருக்கு என்ன நஷ்டம் என்று ஹெல்யாவின் மனம் அவளுக்கே வக்காலத்து வாங்கியது. ஆனால் தன் பொய்யைக் கதவில் ஒட்டிக் கொண்டாடுகிற பெண்ணை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"அந்தக் கடிதத்த நம்பாதீங்க, ஓர்வோக்கி," என்றாள். "உங்களுக்கு அது இருக்கா இல்லையான்னு இன்னும் யாருக்குமே தெரியாது. நீங்க குளிர்ல கஷ்டப்படறதப் பாக்க முடியாம நான்தான் சூட்ட ஏத்தினேன். அப்பறம் பயந்துக்கிட்டு மறைச்சிட்டேன்."

ஓர்வோக்கி ரொட்டிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

"இருபது வருஷத்துல அந்த மனுஷன் ஒரே ஒரு தடவ மன்னிப்புக் கேட்டாரு," என்றாள்.

பிறகு குனிந்து, காலுறைகளைக் கழற்றி, மடித்து, ரொட்டிப் பொட்டலத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"டாக்டர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க. நான் திரும்பவும் வந்து படுக்கறேன். இந்தத் தடவ என்மேல இரக்கப்படாதீங்க."