ஒன்பது முடிச்சு

யுவனேஸ்வரியின் உயிருக்கு விலை ஒரு ரிங்கிட் பத்து சென். திரிங்காப் இரும்புக் கடையில் சணல் கயிறு மீட்டர் அறுபது சென். அவள் கணவன் மகேன் இரண்டு மீட்டர் கேட்டான், கடைக்காரர் பத்து சென் குறைத்துக்கொண்டார். எதற்கு என்று விசாரித்தார். பெண்டாட்டிக்குச் சாவு வந்தால் தெரிந்துகொள்ள என்றான். அதற்கு ஒரு மீட்டரே போதுமே என்றார் கடைக்காரர். அவரும் உள்ளூர்க்காரர்தான்.

யுவனேஸ்வரி பிறந்த குடும்பத்தில் ஒருவர் இறப்பதற்குச் சரியாக ஆறு மணி நேரம் முன்னால், தேயிலைத் தோட்டத்தின் மூன்றாம் டிவிசனிலும் அதைச் சுற்றி ஏழு கிலோமீட்டர் தூரத்திலும் மனிதக் கை போட்ட முடிச்செல்லாம் தானாக அவிழும். 1961இல் அவள் கொள்ளுப்பாட்டி வேலாயி போன அன்று கோயில் ஊர்வலம். தோரணங்கள் விழுந்தன, ஆடுகள் கட்டுத்தறியை விட்டுப் போயின, கங்காணி தெரு நடுவே இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். 1986இல் வேலாயியின் மகன் வீரப்பனுக்கு முறை வந்தபோது துரை பங்களாவில் டென்னிஸ் வலை சரிந்தது; துரை கத்தினார், தோட்டத்துக் கணக்கரான கிராணி சவப்பெட்டிக்குப் பலகை எடுத்துவைக்கச் சொன்னார். 2009இல் வீரப்பனின் மகள் நீலாவதி. அன்று திரிங்காப் சாலையில் பதினொரு லோரிகளின் கயிறு ஒன்றாக அவிழ்ந்து, முட்டைக்கோசு மலையிறங்கிப் போனது. மஞ்சள் கயிற்றில் தாலி போட்டிருந்தவர்கள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். மூவருமே ஐம்பதைப் பார்க்காதவர்கள். உறவுக்குச் சொல்லியனுப்ப ஆறு மணி நேரம் தாராளம் என்பதற்கு மேல் அந்த அவகாசத்தை யாரும் வேறெதற்கும் பயன்படுத்தவில்லை.

பதினொரு லோரிகளில் எட்டு, காய்கறி பூ வியாபாரி ராதாகிருஷ்ணனுடையவை. அவர் அழுது முடித்த மறுவாரமே இரும்புப் பல் வைத்த நைலான் பெல்ட்டுகளை இறக்கினார். மற்றவர்களும் விழித்துக்கொண்டார்கள். தாலி தங்கச் சங்கிலிக்கு ஏறியது, பூக்கட்டுக்கு ரப்பர் வளையம் வந்தது, ஆட்டுக் கொட்டகைக்குத் தாழ்ப்பாள் வந்தது. பத்து வருடத்தில் அந்த வட்டாரத்தில் அவிழ்வதற்கென்று ஒன்றும் மிச்சமில்லை.

நீலாவதியின் மகள்தான் யுவனேஸ்வரி. தோல் அவ்வளவு மெல்லிசு; கழுத்துக்குக் கீழே நீல நரம்புகள் சாலை வரைபடம் மாதிரி தெரியும். கூடை வார் பட்ட இடம் ஒரு வாரம் கன்றிக் கிடக்கும் என்பதால் அவளைக் கொழுந்து பறிக்க விடாமல் தொழிற்சாலையில் பொட்டலம் ஒட்ட வைத்திருந்தார்கள். முப்பத்தோரு வயதில் கர்ப்பமானாள். ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் திலகா அந்தக் கழுத்தைப் பார்த்தார், குடும்பத்தில் யார் யார் எந்த வயதில் போனார்கள் என்று எழுதினார், இரத்தத்தை அனுப்பினார். ஆறு வாரத்தில் பதில் வந்தது. சிஓஎல்3ஏ1 என்ற மரபணுவில் ஓர் எழுத்து பிசகியிருந்தது. இரத்தக் குழாய், குடல், கருப்பை இவற்றின் சுவரைத் தாங்கும் கொலாஜன் என்கிற புரதத்துக்கு அதுதான் செய்முறை என்றார் டாக்டர். மூன்று இழை முறுக்கிய கயிறு அது. இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் ஆகச் சிறிய மணி ஒன்று உட்கார வேண்டும், அப்போதுதான் இழைகள் நெருங்கி முறுக்கேறும். இவளுக்கு ஓரிடத்தில் பெரிய மணி உட்கார்ந்துவிட்டது.

"நான் லோரிக்குக் கயிறு கட்டி வளந்தவன் டாக்டர்," என்றான் மகேன். "முறுக்குல கல்லு மாட்டுனா கயிறு அங்கதான் போவும்."

"எங்க போகும், எப்ப போகும்னு சொல்ல முடியாது. ஏழாம் மாசத்துலேர்ந்து இங்கயே தங்கிடணும். முப்பத்தேழாவது வாரம் ஆப்பரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

யுவனேஸ்வரி தங்க மறுத்தாள். அவள் சொன்ன காரணத்தை மூன்றாம் டிவிசனில் யாரும் தப்பென்று சொல்லவில்லை. "ஆஸ்பத்திரியில படுத்தா நாள் முழுக்க நான்தான் பயந்துகிட்டுக் கெடக்கணும். வீட்டுல முடிச்சு பயப்படும், நான் சும்மா இருக்கலாம்லா. ஆறு மணி நேரம் இருக்கு. ஈப்போ ரெண்டரை மணி நேரம்தானே?" மகேனும் கழித்துப் பார்த்தான். மூன்றரை மணி நேரம் மிஞ்சியது. அப்போதுதான் ஊரில் ஒரு முடிச்சுகூட இல்லை என்பது அவனுக்கு உறைத்து, இரும்புக் கடைக்குப் போனான்.

தோட்டம் கொடுத்த லைன் வீட்டு சன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டினான். லோரிக்காரன் கட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி வாலை உள்ளே செருகியது. அவன் இல்லாத நேரத்தில் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டு மணியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கொழுந்து வேலையில் ஓய்வு பெற்றவள், பிள்ளை கிடையாது. 2009இல் எல்லாத் தாலிக் கயிறும் அவிழ்ந்தபோது டெங்கியில் கிடந்த புருஷனை நினைத்துத் தன் கயிற்றை அந்த நொடியே திரும்பக் கட்டியவள் அவள் ஒருத்திதான். புருஷன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவிழ்ந்ததைக் கட்டினால் போகிற உயிர் நிற்கும் என்று மணியம்மா அன்று தெரிந்துகொண்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

முப்பத்து மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. மகேன் விடியுமுன் செவ்வந்திப் பூ ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போயிருந்தான். காலை ஏழு மணிக்கு சன்னல் கயிறு ஒரு தடவை நெளிந்து அவிழ்ந்தது. மணியம்மா மடியில் கைப்பேசி இருந்தது. அதை எடுக்காமல் கயிற்றை எடுத்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அத்தே, விலாவுல இழுத்துப் புடிக்குது. கயிறு இருக்கா?"

"இருக்கு தாயி. இறுக்கமா இருக்கு."

அந்த நேரத்தில் அது உண்மை. வாய்வுதான் போல என்று யுவனேஸ்வரி ஓம வாட்டர் குடித்துவிட்டுப் படுத்தாள். காலை முழுக்க அவ்வப்போது கேட்டாள். மணியம்மாவும் ஒவ்வொரு முறையும் உண்மையைத்தான் சொன்னாள்.

மகேன் சரியாக ஒரு மணிக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே பார்வை சன்னலுக்குப் போனது. கயிறு இருந்தது. ஆனால் இடதுகைப் பழக்கக்காரி ஒருத்தி கொழுந்து மூட்டை கட்டுகிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட கட்டு.

"அத்தே, இது என் கட்டு இல்லியே."

"நீ கட்டுனதுதாம்பா."

"எங்கிட்டயா? லோரிக்காரன் எவனும் வால வெளிய உட மாட்டான்."

மணியம்மா வாயைத் திறப்பதற்குள் கயிறு அவர்கள் இருவர் கண்ணெதிரே அவிழ்ந்து தரையில் விழுந்தது. மகேன் அதைத் தாண்டி உள்ளே ஓடி, மனைவியைத் தூக்கிக்கொண்டு, பூவாசம் போகாத லோரியிலேயே ஈப்போவுக்கு இறங்கினான். மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாலு மணிக்கு ஒன்றே முக்கால் கிலோவில் பெண் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். வயிற்றுக்குள் ஓர் இரத்தக் குழாய் கிழிந்திருந்தது. டாக்டர் திலகா தையல் போட்ட இடமெல்லாம் ஈரக் காகிதம் மாதிரி விலகியது. மாலை ஏழு மணிக்கு யுவனேஸ்வரி இறந்தாள். கிழிசல் காலையிலேயே தொடங்கியிருக்கும், அப்போதே வந்திருந்தால் ஒருவேளை என்று டாக்டர் சொன்னார். மகேன் அந்த ஒருவேளையை வீட்டுக்குக் கொண்டுவந்தான். மணியம்மாவோடு பதினைந்து நாள் பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ராதாகிருஷ்ணன், பந்தலில் யாரும் உட்காராத பக்கமாக ஒதுங்கியிருந்த மணியம்மாவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார். எத்தனை தடவை கட்டினாய் என்று கேட்டார்.

"ஒம்பது."

"ஒன்னொன்னும் எவ்ளோ நேரம் நின்னுச்சு?"

"நாப்பது நிமிஷம். ஒவ்வொரு வாட்டியும் கடியாரத்தப் பாத்தேன்."

ராதாகிருஷ்ணன் விரலை மடக்கினார். ஏழுக்கு அவிழ்ந்தது. ஒரு மணிக்குப் போயிருக்க வேண்டியவள் ஏழுக்குப் போனாள். ஒன்பது நாற்பது முன்னூற்று அறுபது, ஆறு மணி நேரம். ஒரு நிமிடம் இடிக்கவில்லை. குழந்தை பிறந்த நாலு மணி மணியம்மா கட்டிச் சேர்த்த அந்த ஆறு மணி நேரத்துக்குள்தான் வருகிறது. "டாக்டர் சொல்றதும் சரிதான், நீ கட்டுனதும் வேல செஞ்சிருக்குலா," என்றார்.

மகேன் குழந்தையோடு தூணருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வந்து மணியம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"கடைசியா அவுந்தப்ப நான்தான் நின்னேன் அத்தே. கட்டாம ஓடிட்டேன்."

மணியம்மா குழந்தையை வாங்கிக்கொண்டாள். கணக்கை ஊரில் யாரும் மறுக்கவில்லை. அவிழ்ந்த பின் மணியம்மா போட்டது ஒன்பது முடிச்சு. திரிங்காப்பிலேயே கெட்டியாகக் கட்டத் தெரிந்த மகேன் போட்டது ஒன்றுமில்லை.