முதல் தெரிவு தக்சாயினிக்கு

ஓகஸ்ட் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்குத் தக்சாயினி தன் தையல் கடையின் கதவைப் பூட்டிவிட்டு, வெட்டு மேசையில் கிடந்த துணிகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். பேர்லின் நகரத்து நொய்கெல்னில், கார்ல் மார்க்ஸ் வீதிக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கடை. காற்சட்டைக்குக் கால் குறைப்பது, சிப் மாற்றுவது, கல்யாணச் சட்டைக்கு இடுப்புப் பிடிப்பது என்று வருசம் முழுக்க அங்கே நடப்பது திருத்த வேலைதான். இந்த ஒரு பின்னேரத்துக்கு மட்டும் அது ஐஸ் ஹொக்கியின் தலைமையகமாக மாறிவிடும்.

ஸ்பிறே நரிகள் அணி ஒவ்வொரு கோடையிலும் நாலைந்து இளம் பெடியன்களைப் பெரிய அணிக்கு எடுக்கும். பெயர்கள் வெளிவந்த அடுத்த சனிக்கிழமை, மைதானத்தின் வடக்குப் படிக்கட்டில் சேர்ந்து நின்று பார்க்கிற நாலு தமிழர் இந்த மேசையைச் சுற்றிக் கூடி, அந்தப் பெடியன்களை ஆளுக்கொருவராகப் பங்குபோட்டுக்கொள்வார்கள். அமெரிக்காவில் அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்வதைப் பார்த்து, பென்ஜமின் கொண்டுவந்த பழக்கம் அது. தெரிவு செய்தவர் தன் ஆளின் பெயரைத் தன்னுடைய கையில்லாத டெனிம் சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டும். அவன் சறுக்கி விழுந்தால் இவர்தான் பகிடி வாங்க வேண்டும். அவன் கோல் போட்டால் படிக்கட்டே இவரின் முதுகில் தட்டும்.

சட்டங்கள் இரண்டுதான். போன வருசம் யாருடைய ஆள் ஆக மோசமோ அவருக்கு இந்த வருசம் முதல் தெரிவு. யாருடைய ஆள் ஆகத் திறமோ அவருக்குக் கடைசித் தெரிவு. மற்றது, தைத்த பெயரை ஒருக்காலும் பிரிக்கக்கூடாது.

முதலாவது சட்டத்தின் புண்ணியத்தில் தக்சாயினிக்கு இது தொடர்ந்து நாலாவது முதல் தெரிவு. அவளுடைய சட்டையின் முதுகில் ஏற்கெனவே நாலு பெயர்கள் இருந்தன. முதலாமவனுக்கு முழங்கால் போய்விட்டது. இரண்டாமவன் பல் வைத்தியம் படிக்கப் போய்விட்டான். மூன்றாமவன் தெற்கே வேறொரு அணிக்கு மாறி, அடுத்த மாதமே பேர்லினுக்கு வந்து நரிகளுக்கு எதிராகவே மூன்று கோல் போட்டான். நாலாமவன் பவேரியாவில் தகப்பன் வளர்க்கும் மாடுகளை விட்டிருக்க ஏலாமல் ஊருக்கே திரும்பிப் போனான்.

இந்த முறை அவளுக்கு வேண்டியிருந்தது ஓலே. ஜூலையில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவன் ஆடுவதைப் பார்த்தாள். ஆளே நிற்காத கோலுக்கு அடித்து, அதையும் தவறவிட்டு, மண்டபத்தின் கூரையைப் பார்த்துத் தனக்குள்ளே சிரித்துக்கொண்டான். அந்தச் சிரிப்பை அவள் அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

முதலில் பென்ஜமின் வந்தான். பஸ் ஓட்டுநர், வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தான். பிறகு, பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கும் யூலியா கணினியோடு வந்தாள். கடைசியாக ஆனந்தராசா அண்ணை ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸோடு, வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். உணவகம் ஒன்றில் சமையல்காரர். வடக்குப் படிக்கட்டில் நிற்கும் ஜெர்மன்காரர்கள் எல்லாரும் அவருடைய பெயரே 'அண்ணை' என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

"என்ன அண்ணை, இந்த வெயிலுக்கை ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு?" என்றாள் தக்சாயினி.

"நடந்து வந்தனான் பிள்ளை. உடம்புக்கு நல்லம்."

"நடந்து வந்தா ஜக்கெற்றைக் கழற்றுறது. நீங்கள் இழுத்து எல்லோ பூட்டியிருக்கிறியள்," என்றான் பென்ஜமின்.

"நீ ரோல்ஸைச் சாப்பிடடா. யூலியா, வாசி பாப்பம்."

யூலியா கணினியைத் திறந்தாள். "ஓலே பிறாண்ட். பதினெட்டு வயசு, முன்வரிசை. இளையோர் லீக்கில நாற்பது ஆட்டம், முப்பத்தொரு கோல்."

"உயரம்?" என்றார் அண்ணை.

"நூற்றி எழுபத்தாறு."

"என்ன அண்ணை, சம்பந்தமே பேசுறியள்?" என்றான் பென்ஜமின்.

"சம்பந்தத்துக்கு எண்டா தாராளமாக் காணும். சுவரோட இடிபடுறதுக்குக் காணாது."

"அடுத்தது மிலான் கேர்பர். கோல் காப்பாளன். நூற்றித் தொண்ணூற்றாறு."

"இவன் சும்மா நிண்டாலே கோல் அடைபட்டிடும்," என்றான் பென்ஜமின்.

"நிண்டாப் பிரச்சினையில்லை. குனியத்தான் நேரம் எடுக்குது. கீழால வாற வட்டு பாதிக்குப் பாதி உள்ளுக்கை. அடுத்தது வின்சென்ற் லாங்க, பின்வரிசை. முப்பது ஆட்டத்தில தொண்ணூறு நிமிசம் தண்டனைப் பெட்டிக்குள்ள இருந்திருக்கிறார்."

"இவர் என்ர பஸ்ஸுக்கு வந்தா நான் கதவு திறக்கமாட்டன்."

"கடைசி ஆள் ரூபன் ஷ்றோடர்."

"ரூபனோ?" அண்ணை நிமிர்ந்தார். "ஆற்ற பெடியன்? எங்கட ஊர், கரவெட்டிப் பக்கமோ?"

"ஜெர்மன்காரன் அண்ணை, றொஸ்ரொக். தலைமயிரெல்லாம் வைக்கோல் நிறம். போன வருசம் பத்து ஆட்டம், ஒரு கோல். அதுவும் ஆரோ அடிச்ச வட்டு இவர்ர முதுகில பட்டு உள்ளுக்கை போனது."

"பேராவது நல்ல பேர்," என்றார் அண்ணை.

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு தக்சாயினி மெல்லச் சொன்னாள்: "ஓலேக்குத் தொடை மூண்டு சென்ரிமீற்றர் கூடியிருக்கு."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"மே மாதம் ஒரு ஜீன்ஸ் கொண்டு வந்தவன். உந்த விளையாட்டுக்காரருக்குத் தொடைக்கு அளவா எடுத்தா இடுப்புத் தொளதொளக்கும். இடுப்பைப் பிடிச்சுக் குடுத்தன். போன கிழமை அதே ஜீன்ஸைத் தொடை கிழிஞ்சு கொண்டு வந்தான். திரும்ப அளந்து பார்த்தன். கோடை முழுக்க அவன் சும்மா இருக்கேல்லை."

"கிளப் வைத்தியருக்கும் தெரியாத தகவல்," என்றான் பென்ஜமின். "அக்கா, நீங்கள் இனிக் காற்சட்டை தைக்கக்கூடாது. உளவு பார்க்கத்தான் போகவேணும்."

"அப்ப அவனைத்தான் எடுக்கப்போறியோ?" என்று கேட்டார் அண்ணை. அவருடைய குரலில் சிரிப்பு இல்லை.

"எனக்குத்தானே முதல் தெரிவு அண்ணை."

அண்ணை தொண்டையைச் செருமினார். "பிள்ளை, கோவிக்காதை. இருபது வருசத்துக்குப் பிறகு எங்கட அணிக்கு இப்பிடி ஒரு பெடியன் வந்திருக்கிறான். நீ உன்ர முதுகைக் கொஞ்சம் யோசிச்சுப் பார்."

"என்ர முதுகுக்கு என்ன?"

"நாலு பேர். நாலு பேரும் போயிட்டினம்."

"பல் படிக்கப் போனவன் பிரயோசனமானவன் அண்ணை," என்றான் பென்ஜமின். "இந்த விளையாட்டில ஆருக்குப் பல் மிஞ்சுது?"

"பகிடியை விடு. கைராசி எண்டு ஒண்டு இருக்கு."

யூலியா கணினியை மூடினாள். "அது பிழை. எங்கட எல்லாற்ற சட்டையிலும் பேர் தைச்சது அக்காதான். உங்கட பீலிக்ஸ் போன வருசம் பதினெட்டுக் கோல் போட்டவர். அந்தப் பேரைத் தைச்சதும் இதே கைதானே?"

அண்ணை இதற்கு ஆயத்தமாகத்தான் வந்திருந்தார். "அது வேற பிள்ளை. மற்றவைக்குத் தைக்கேக்க அவவுக்கு அது வேலை. தனக்குத் தைக்கேக்கதான் ஆசையோட தைக்கிறா. ஆசை பட்ட இடத்திலதான் கண்படும். அவ விரும்பினது ஒண்டும் நிக்கிறேல்லை."

பென்ஜமின் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தான்.

தக்சாயினி ஊசிகள் குத்தியிருந்த சின்னத் தலையணையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். பத்தொன்பது வயதில் ஒப்பரா மண்டபத்து உடையலங்காரப் பட்டறையில் ஒரு பயிற்சி இடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். பதில் வருவதற்கு முன்னமே வீட்டில், கோயிலில், மளிகைக் கடையில் என்று எல்லாருக்கும் சொல்லியும்விட்டாள். இடம் வேறொருத்திக்குப் போயிற்று. அதற்குப் பிறகு வந்த பெரிய விருப்பங்களை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் 'பாப்பம்' என்பாள். ஹொக்கிப் பெடியன்களைத்தான் பயமில்லாமல் விரும்பிக்கொண்டிருந்தாள். இப்போது அந்த விருப்பத்திலும் பிழை கண்டுபிடித்துவிட்டார்கள்.

"சரி அக்கா, ஒரு வியாபாரம்," என்றான் பென்ஜமின், இறுக்கத்தைத் தளர்த்த. "உங்கட முதல் தெரிவை எனக்குத் தாங்கோ. என்ர இரண்டாவதை நீங்கள் எடுங்கோ. மிலானை எடுத்தால் முதுகு நிறையும், அவ்வளவு நீளமான ஆள்."

"பாப்பம்," என்றாள் தக்சாயினி. சொன்னவுடன் அந்தச் சொல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"உனக்கு வேண்டாமடா!" அண்ணை பதறி எழுந்தார். "மாத்துறதெண்டா எனக்கு மாத்தட்டும்."

"கடைசித் தெரிவை வைச்சுக்கொண்டு முதல் தெரிவைக் கேக்கிறியளோ? நல்லாயிருக்கு!"

"அண்ணை, உங்களுக்கு வேர்த்து ஒழுகுது. முதல்ல அந்த ஜக்கெற்றைக் கழற்றுங்கோ," என்றாள் யூலியா.

"வேண்டாம்."

"மயங்கி விழப்போறியள்."

"விழமாட்டன். விடு."

பென்ஜமினுக்கு ஏதோ மணத்துவிட்டது. "பொறுங்கோ," என்றபடி எட்டி, ஜக்கெற்றின் சிப்பை ஒரே இழுவையில் கீழே இறக்கினான். உள்ளே அண்ணையின் டெனிம் சட்டை. அதன் இடது நெஞ்சுப் பொக்கற்றின் மேல், சிவப்புத் துணியில் வெட்டிய மூன்று பெரிய எழுத்துகள், உருளைக்கிழங்கு போல ஒரு O, அதற்குப் பின்னால் கொஞ்சம் சாய்ந்த L, ஒரு E.

யூலியா எழுத்துகளைக் கூட்டி, 'ஓலே' என்று வாசித்தாள்.

"இது எப்ப நடந்தது?" என்றாள் யூலியா.

"வியாழக்கிழமை." அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான் தைச்சனான். தைச்சதைப் பிரிக்கக்கூடாது. சட்டம் சட்டம்தான்."

"தெரிவுக்கு முன்னமே தைச்சிட்டு வந்து சட்டம் கதைக்கிறியளோ!" பென்ஜமின் மேசையில் அடித்தான். "நீங்கள் அரசியலுக்குப் போயிருக்க வேண்டிய ஆள்."

தக்சாயினிக்குக் கோபம் வந்தது. ஆனால் கண் தொழிலைப் பார்த்துவிட்டது. குனிந்து தையலைப் பார்த்தாள். ஒவ்வொரு தையலும் ஒரு விரல் நீளம். "அண்ணை, இது என்ன நூல்?"

"இறைச்சி கட்டுற நூல். அறாது."

அவள் பொக்கற்றின் வாயில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். விரல் இறங்கவில்லை. மூன்று எழுத்தும் பொக்கற்றை மேலும் கீழுமாகச் சட்டையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தன. உள்ளே சின்ன அட்டை ஒன்று விறைப்பாக நின்றது.

"அண்ணை, இதுக்குள்ள என்ன?"

அண்ணை ஜன்னல் பக்கம் பார்த்தார். "பஸ்ஸின்ர மாத ரிக்கற்."

பென்ஜமின் ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். மூச்சு வாங்க ஒரு சிரிப்பு. "அதுதான் உடம்புக்கு நல்லமோ! அண்ணை, என்ர பஸ்தானே, என்னட்டைச் சொல்லியிருந்தா ஏத்தி வந்திருப்பனே!"

"ரண்டு நாளா நடக்கிறன்," என்றார் அண்ணை பரிதாபமாக. "திங்கட்கிழமை விடிய அஞ்சு மணிக்கு வேலை. தக்சா பிள்ளை, பொக்கற்றின்ர வாயை மட்டும் திறந்து விடு. பேர் கிடக்கட்டும்."

"ஏலாது அண்ணை. எல்லாம் ஒரே நூல். ஒண்டை வெட்டினா மூண்டும் வரும்."

அவர் கதிரையில் இருந்தார். நெற்றியைத் துடைத்தார். "நான் உன்னை நோகடிக்கவெண்டு செய்யேல்லை, பிள்ளை. அந்தப் பெடியன் நல்லா வரவேணும். அவ்வளவு ஆசை எனக்கு."

"ஆசையோ?" யூலியா உடனே பிடித்துக்கொண்டாள். "அப்ப நீங்களும் ஆசையோடதானே தைச்சனீங்கள். அக்காவின்ர ஆசை பட்டா கண்படும், உங்கட ஆசை பட்டா படாதோ?"

அண்ணை குனிந்து தன் நெஞ்சிலிருந்த எழுத்துகளைப் பார்த்தார். பிறகு எழுந்து, ஜக்கெற்றையும் சட்டையையும் கழற்றி, உள் பெனியனோடு நின்று, சட்டையைத் தக்சாயினியிடம் நீட்டினார். "இந்தா. வெட்டு. தெரிவுக்கு முன்னம் தைச்சது சட்டத்தில சேராது. இவ்வளவு கோணலாத் தைச்சா அவன் கோணலாத்தான் ஓடுவான்."

அவள் சின்னக் கத்தரியால் நூலை வெட்டினாள். மூன்று எழுத்தும் மேசையில் விழுந்தன. மாத ரிக்கற்றை எடுத்து அவருடைய கையில் வைத்தாள். அதன் பிறகு அவள் செய்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. வாடிக்கையாளரை ஏற்றிவைத்துக் கால் நீளம் குறிக்கும் மரப்பெட்டியில் ஏறி நின்றாள். தெரிவை அறிவிப்பவர் அமெரிக்காவில் மேடையில் ஏறி நின்றுதான் அறிவிப்பாராம். இவர்கள் எல்லாரும் இதுவரை கதிரையில் இருந்தபடி, ரோல்ஸைச் சப்பிக்கொண்டே சொல்லி முடித்துவிடுவார்கள்.

"முதல் தெரிவு," என்றாள். "எனக்கு ஓலே வேணும்."

"'தெரிவு செய்யிறன்' எண்டு சொல்லவேணும் அக்கா," என்றான் பென்ஜமின்.

"இல்லை. வேணும். எனக்கு அவன் வேணும்."

யூலியா கைதட்டினாள். ஒரு நிமிசம் கழித்து அண்ணையும் தட்டினார்.

மற்றத் தெரிவுகள் விரைவில் முடிந்தன. பென்ஜமின் மிலானை எடுத்தான். தண்டனைப் பெட்டி வின்சென்றை யூலியா எடுத்தாள். "எண்களைப் பார்த்து எடுத்து அலுத்துப்போச்சு," என்றாள். மிஞ்சியது அண்ணைக்கு ரூபன்.

"வேற ஏதும் நல்லதாப் போட்டிருக்கோ அவனைப் பற்றி?" என்று கேட்டார் அவர், பெனியனோடு ஒரு ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு.

யூலியா தேடினாள். "ஒரு பேட்டி இருக்கு. ஆடாத நாளில என்ன செய்தனீ எண்டு கேட்டிருக்கினம். வாங்கில இருந்து கதவு திறந்துவிட்டனான் எண்டு சொல்லியிருக்கிறார். ஆட்டக்காரர் மாறுற நேரத்தில பனிக்குப் போற கதவு. 'அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. முந்தித் திறந்தா விழுவினம். பிந்தினா வந்து இடிப்பினம். வருசம் முழுக்க ஒருத்தரும் இடிக்கேல்லை.'"

"நல்ல பெடியன்," என்றான் பஸ் ஓட்டுநர் பென்ஜமின், தலையை ஆட்டி.

தக்சாயினி முதலில் தன் சட்டையை எடுத்து, தானே வெட்டி வைத்திருந்த எழுத்துகளால் ஓலேயின் பெயரைத் தைத்தாள். முதுகில் இடம் இருந்தும், நெஞ்சுப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கத் தைத்தாள். அது முடிய அண்ணையின் சட்டையை மடியில் விரித்து, பொக்கற்றுக்குக் கொஞ்சம் மேலே R எழுத்தை வைத்துப் பிடித்தாள்.

"பிள்ளை," என்றார் அண்ணை, குரலைத் தணித்து. "இது எனக்குத் தைக்கிறாய், என்ன? வேலை மாதிரித் தை. ஆசை கீசை ஒண்டும் வைச்சிடாதை."

"சீ, எனக்கென்ன ஆசை அண்ணை."

R வேலையாகத்தான் போனது. U-வும் அப்படித்தான். B-யின் வளைவில் ஊசி திரும்பும்போது, வைக்கோல் தலையோடு ஒருவன் வாங்கின் ஓரத்தில் இருந்து, மூச்சிரைத்து வருகிறவர்களையெல்லாம் சரியான கணத்தில் உள்ளே விடுவது அவளுக்குத் தெரிந்தது. ஒரு நாளைக்கு வேறு யாராவது அவனுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டால் நல்லாயிருக்கும் என்று நினைத்தாள். வேணும், வேணும் என்று உள்ளே ஏதோ சொல்லத் தொடங்கியது.

அண்ணை அடுத்த ரோல்ஸை எடுத்து, போன வருசத்துப் பீலிக்ஸின் பதினெட்டாவது கோலைப் பற்றிப் பென்ஜமினோடு வாதாடிக்கொண்டிருந்தார். தக்சாயினி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தன் முழு விருப்பத்தோடும் E-யைத் தைக்கத் தொடங்கினாள்.