மூன்றாம் நம்பர் கண்ணாடி

விடிகாலை ஐந்தே கால். புதுக்கோட்டையின் திருச்சி சாலையில் பால் வண்டிகளைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. ரகுநாத்தின் கண்ணாடிப் பட்டறையில் மட்டும் டியூப்லைட் எரிந்தது. ஒரு வேனுக்குள்ளே அருள்தாஸ் குந்தியிருந்தான். வெளியே ராசு பானட்டில் முட்டியை ஊன்றி நின்றான். விரிசல் விட்ட முன் கண்ணாடியின் பசைக்குள் முறுக்குக் கம்பி ஒன்று போய்வந்துகொண்டிருந்தது. உள்ளே இவன் இழுக்க, வெளியே அவன் இழுக்க, வருடக்கணக்கில் இறுகிய கறுப்புப் பசை ரப்பர் கருகும் நாற்றத்தோடு அங்குலம் அங்குலமாக அறுந்தது. கம்பியில் சுற்றிய துணியையும் மீறி அருள்தாஸின் விரலில் ரத்தம் கசிந்தது. பேண்ட்டில் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தான். பதினோரு வருடமாக அந்த விரல்கள் முழுசாக ஆறியதே இல்லை.

கண்ணாடித் துகள்களைக் கூட்டி அள்ளுவதும், பசை பிடிக்க பிரைமர் பூசுவதும் சொர்ணவல்லியின் வேலை. பொம்பளை ஆள் என்று அவளுக்குப் பாதிக் கூலி. பிரைமர் வாடைக்கு இருமுவதில் மட்டும் அவளுக்குப் பாதி கிடையாது.

வேன்காரர் அழகுமலை ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். கந்தர்வக்கோட்டைப் பக்கமிருந்து தினமும் பதினாலு பெண்களை முந்திரி உடைக்கும் கம்பெனிக்கு ஏற்றிப் போகிறவர். முந்தின நாள் ஜல்லி லாரியிலிருந்து பறந்து வந்த கல் கண்ணாடியைப் பதம் பார்த்துவிட்டது.

மாடியிலிருந்து ரகுநாத் இறங்கி வந்தார். "அண்ணே, ஒரிஜினலும் இருக்கு, லோக்கலும் இருக்கு. ரேட்டுதான் ரெண்டு மடங்கு. எது போட?"

அழகுமலை அருள்தாஸைப் பார்த்தார். "நீ சொல்லு தம்பி."

"லோக்கல்லயும் நல்லது இருக்குண்ணே. முத்திரை பாத்து வாங்கணும். ஒரிஜினல்னா யோசிக்க வேணாம்."

"அப்ப ஒரிஜினலே போடுங்க. நம்மள நம்பி ஏறுற பொம்பளைங்க."

அவர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். ரகுநாத் அருள்தாஸைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், வைக்கோல் திணித்த மரப்பெட்டியைக் காட்டினார். "இதை எடுத்து மாட்டு."

அருள்தாஸ் கண்ணாடியைப் பெட்டிக்குள்ளேயே நிமிர்த்தி, அதன் வழியே விளக்கைப் பார்த்தான். விளக்கு நெளிந்து தெரிந்தது. ஓரம் சரியாகத் தீட்டப்படவில்லை. மூலையில் இருந்த கம்பெனி முத்திரை நகம் பட்டாலே உரிந்துவிடும் ஸ்டிக்கர்.

"சார், அவரு ஒரிஜினலுக்குத்தான காசு குடுத்தாரு?"

"கண்ணாடின்னா கண்ணாடிதான்டா. ஒட்டுறது ஒன் வேலை. ஒட்டு."

ஒட்டினான். வேறென்ன செய்வான்? போன மாதம் இதே கேள்வியைக் கேட்டு வேலையை இழந்த ஐயனார் இப்போது திருப்பூரில் மூட்டை தூக்குகிறான்.

அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. கண்ணாடியைத் தூக்கி வைக்கும் முன், அதன் கறுப்பு ஓரத்தில் வெள்ளை மார்க்கரால் ஒட்டுகிறவன் தன் நம்பரை எழுத வேண்டும். நாளைக்கு மழையில் ஒழுகினால் யார் கூலியில் பிடிப்பது என்று முதலாளிக்குத் தெரிய வேண்டுமே! அருள்தாஸ் '3' என்று எழுதினான். அவனும் ராசுவும் வேக்கம் கப்பால் கண்ணாடியைக் கவ்வித் தூக்கி, மூச்சை அடக்கி, பசை மேல் இறக்கினார்கள்.

"ஆறு மணி நேரமாவது வண்டி அசையக் கூடாது சார். பசை ட்யூப்லயே போட்டிருக்கு" என்றான் அருள்தாஸ்.

"ஷெட்டுல எடம் வேணும். ஒரு மணி நேரத்துல வெளிய தள்ளு."

ஏழு மணிக்கு அழகுமலை வண்டியில் ஏறினார். பக்கத்திலேயே ரகுநாத் நின்றார். அருள்தாஸ் கிட்டே போய்ச் சொன்னான்: "அண்ணே, கதவை ஓங்கிச் சாத்தாதீங்க. சைடு கண்ணாடியைக் கொஞ்சம் எறக்கியே வையுங்க. காத்து முட்டினா புதுசா ஒட்டினது நெகிழும்."

"சரி தம்பி" என்று அவர் ஒழுங்காக இறக்கி வைத்துக்கொண்டார். போகாதீர்கள் என்று மட்டும் அருள்தாஸ் சொல்லவில்லை.

ஆதனக்கோட்டை தாண்டி ஓர் ஆடு குறுக்கே ஓடியது. அழகுமலை பிரேக்கை மிதித்தார். முன் சீட்டிலிருந்த முந்திரிக் கம்பெனிப் பெண் ராசாத்தி கண்ணாடியில் போய் மோதினாள். தாங்க வேண்டிய கண்ணாடி சட்டிமூடி போல முழுசாகப் பெயர்ந்தது. அதோடு அவளும் தார்ச்சாலையில் விழுந்தாள். காரை எலும்பும் இடுப்பும் முறிந்தன.

செய்தி கேட்டு, சாயங்காலம் அருள்தாஸ் ஆஸ்பத்திரிக்குப் போனான். ராசாத்திக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். போர்வைக்கு வெளியே கிடந்த அவள் விரல்கள் முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு வெந்து கறுத்திருந்தன. அவள் அவன் விரல்களைப் பார்த்தாள்.

"நீங்கதான் ஒட்டுனீங்களா?"

"ஆமாங்க."

"சைடு கண்ணாடிய எறக்கி வைக்கச் சொன்னீங்களாமே. பசை காயலைன்னு தெரியுந்தான? அதைச் சொன்ன வாயி இதைச் சொல்லலையா?"

கன்னத்தில் அறைந்திருந்தாலும் இந்த அளவுக்கு வலித்திருக்காது. அவன் வெளியே வந்துவிட்டான்.

மறுநாள் விடியுமுன்பே ரகுநாத் மேசையில் ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தார். ஷெட்டில் ஒரு பள்ளிக்கூட வேன் நின்றது. அதன் டிரைவர் பிரசாந்த் கண்ணாடி மாற்ற வந்திருந்தான். அவனுக்காக இறக்கிய 'ஒரிஜினல்' ஸ்டாண்டில் சாய்ந்திருந்தது. அதுவும் அதே வைக்கோல் பெட்டிச் சரக்குதான்.

"கண்ணாடி ஓரத்துல மூணுன்னு இருக்காம் அருளு. போலீஸ்ல கேக்குறாங்க" என்றார் ரகுநாத். "பசை காயுறதுக்குள்ள மொதலாளிக்குத் தெரியாம நானே வண்டியை விட்டுட்டேன்னு கையெழுத்துப் போடு. வக்கீலை நான் பாத்துக்கிறேன். வேலையும் போகாது. போடலைன்னா இந்த மாவட்டத்துல எவன் ஒனக்கு வேலை குடுக்குறான்னு பாக்குறேன்."

அருள்தாஸ் பேனாவை எடுத்தான். ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வி இன்னும் காதில் நின்றது. தண்டனை தனக்கு வேண்டியதுதான் என்று அவனுக்குத் தோன்றியது.

"பேனாவைக் கீழ வை" என்றாள் சொர்ணவல்லி.

"அக்கா, தப்பு என் பேருலயும் இருக்குல்ல?"

"இருக்கு. என் பேருலயும் இருக்கு. பிரைமர் பூசினவ நான். பெட்டியைப் பாத்தவ நான். நாம வாயைத் தொறக்கலைன்னு எழுதுவோம். ஆனா அந்த ஆளு செஞ்சதை ஒம்பேருல எழுதாத. அது ஆஸ்பத்திரில கெடக்குற அந்தப் புள்ளைக்குச் செய்யுற ரெண்டாவது துரோகம்."

ராசு கம்பியைத் தரையில் போட்டான். "அந்தப் பக்கம் தூக்குனது நான். ஒரு ஆளாத் தூக்குற கண்ணாடியா சார் அது? நம்பரு மட்டும் எப்படி ஒரு ஆளுக்கு?"

ரகுநாத் எழுந்தார். "மூணு பேரும் வெளிய போங்கடா! நாளைக்கே பத்துப் பேரு வந்து வாசல்ல நிப்பான்."

"வரட்டும். அவங்க கையிலயும் இந்த மார்க்கரைத்தான குடுப்பீங்க?" என்றாள் சொர்ணவல்லி. அவளுக்கு நம்பர் கிடையாது. அந்த மார்க்கரை அவள் தொட்டதே இல்லை. இப்போது எடுத்தாள். ஸ்டாண்டில் இருந்த கண்ணாடியின் நட்டநடுவே, யாருக்கும் தெரியாத ஓரத்தில் அல்ல, கொட்டை எழுத்தில் எழுதினாள்: இது ஒரிஜினல் இல்லை. ஒட்டினால் மத்தியானம் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கீழே தன் பெயரை எழுதினாள். ராசு எழுதினான். அருள்தாஸ் மார்க்கரை வாங்கி, நம்பர் போடாமல் முழுப் பெயரையும் எழுதினான். எழுத்து கோணவில்லை.

"அழிடா அதை!" என்று ரகுநாத் கத்தினார். ஒருவரும் துணியை எடுக்கவில்லை.

பிரசாந்த் கிட்டே வந்து வாய்விட்டுப் படித்தான். நகத்தால் மூலையைச் சுரண்டினான். ஸ்டிக்கர் விரலோடு வந்தது. அதை ரகுநாத்தின் மேசைமேல் ஒட்டினான்.

"ஏழரை மணிக்கு இருவது புள்ளைங்களை ஏத்தணும்யா நான்" என்றான். "வேற வண்டி அனுப்பச் சொல்லி ஸ்கூலுக்குப் பேசிக்கிறேன். நீங்க எங்கிட்டுப் போறீங்க?"

"ஸ்டேஷனுக்கு" என்றான் அருள்தாஸ். "எங்க தப்பையும் சேத்து எழுதிக் குடுக்க. அப்பறம் ஆஸ்பத்திரிக்கு. அந்தம்மா ஒரு கேள்வி கேட்டுச்சு. பதில் சொல்லணும்."

வேலை போய்விட்டது. வழக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. ரகுநாத் அதற்குள் போனில் யாரையோ பிடித்துவிட்டார். சொர்ணவல்லி ஸ்டாண்டிலிருந்த கண்ணாடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "சாட்சிக்கு இதுவும் வரட்டும். பிடிங்க."

மூன்று பேரும் அதைத் தூக்கி பிரசாந்தின் வேனில் ஏற்றி, இருபுறமும் கைகொடுத்து நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

"பழைய கண்ணாடி, விரிசல் விட்டுக் கெடக்கு. மெதுவாத்தான் போவேன்" என்றான் பிரசாந்த்.

"மெதுவாவே போங்க" என்றான் அருள்தாஸ். வெளுத்துக்கொண்டிருந்த சாலையில் வேன் இறங்கியது.