படிக்கக் கூடாத மேசை

எங்கள் புத்தகக் கட்டுக்கூடத்தில் ஒரு விதி உண்டு. அடுக்கு மேசையில் நிற்பவர் படிக்கக் கூடாது. பதினாறு பக்கங்களாக மடித்த தாளை நாங்கள் பாரம் என்போம். மேசையைச் சுற்றி நடந்து, வரிசையாக ஒவ்வொரு பாரத்தையும் எடுத்து அடுக்கினால் ஒரு புத்தகம் உருவாகும். பாரங்களின் முதுகில் உள்ள கறுப்புக் குறிகள் படிக்கட்டுப் போல இறங்கினால் வேலை சரி. கண் எழுத்துக்குள் போனால் கை நின்றுவிடும் என்பது ஃபோர்மேனின் வாதம். ஒரு முறை பிடிபட்டு எச்சரிக்கை பெற்றவள் நான். மறுமுறை பிடிபட்டால் கழிவுத்தாள் அறைதான். பதினோரு ஆண்டுகள் பசை தடவிய பின்னரே அம்மேசை எனக்குக் கிடைத்திருந்தது.

நாற்பத்தாறாம் வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து ஆங்கிலம் கற்கத் தொடங்கினேன். அப்போது ஓர் ஆங்கில அகராதியின் வீணான தாள் ஒன்று எனக்குக் கிடைத்தது. அதில் ரன் என்ற ஒரே வினைச்சொல் பக்கம் பக்கமாக விரிந்திருந்தது. மூன்றே எழுத்து, ஓடு என்று பொருள், அத்துடன் முடிந்தது என எண்ணியிருந்தேன். முடியவில்லை. தாளைச் சமையலறைச் சுவரில் தொங்கவிட்டு, நாளுக்கு ஒரு பொருளாகக் கற்றேன். நமக்கு ஒழுகும் மூக்கு அவர்களுக்கு ஓடுகிறது. துவைத்த துணியின் சாயம் ஓடுகிறது. கடையை நடத்துவதும் ஓட்டம், சர்க்கரை தீர்ந்துபோவதும் ஓட்டம். நம்மிடையே தேர்தலில் நிற்பவர் அவர்களிடையே ஓடுகிறார் என்று அறிந்த அன்று, அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூட உணராமல் நின்றேன். இத்துணைச் சிறிய சொல் இத்தனை பேருக்குச் சலிக்காமல் உழைக்கிறதே!

மேசையில் எனக்கு முன்னே நடப்பவள் என் நாத்தனார்.

"அண்ணி, இன்னிக்கு என்ன ஓடுச்சு?"

"தேர்தல்ல நிக்கிறவன் ஓடுறான்."

"நிக்கிறவன் ஓடுறானா? எங்க அண்ணன் உட்கார்ந்துக்கிட்டே ஊர் சுத்துற மாதிரி!"

சென்ற மாதம் அதே அகராதியின் புதிய பதிப்பு மேசைக்கு வந்தது. லாரி வாசலில் காத்திருந்தது. ரன் என்ற சொல் உள்ள பாரம் கைக்கு வந்ததும் என்னையறியாமல் விரித்தேன். மூக்கு ஓடியது. தாளைத் திருப்பினேன். மறுபடியும் மூக்கு ஓடியது. பக்க எண்கள் சரி. ஆனால் ஒரே பக்கம் இரு முறை அச்சாகியிருந்தது. தேர்தலில் ஓடியவரைக் காணவில்லை.

"வாயைத் திறக்காதீங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

அக்கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு. ஆனால் இரண்டாயிரம் பிரதிகள்! என்னைப் போன்ற ஒருவர் எங்கோ அப்பக்கத்தைத் திறப்பார். அங்கே இல்லாதது எது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. நான் ஃபோர்மேனை அழைத்தேன்.

அவர் பாரங்களின் முதுகைப் பார்த்தார். "படிக்கட்டு சரியா இருக்கு. நம்பர் சரியா இருக்கு. உனக்கு என்னம்மா பிரச்சினை?"

"உள்ளே இருக்கிறது சரியில்லீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சேன்."

மேசையைச் சுற்றிய கால்கள் நின்றன. அவர் இரு பக்கங்களையும் அருகருகே வைத்து, வரிக்கு வரி விரலை இறக்கினார். பாதியில் விரல் நின்றது.

"அப்ப, என்னம்மா விட்டுப்போச்சு?"

"பதினெட்டுப் பொருள்." பாராமலே ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"ஒரே வார்த்தைக்கா?"

"இது ஒரு பக்கம்தாங்க. இன்னும் ஆறு பக்கம் இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இருபது ஆண்டுகளாகத் தம் மேற்பார்வையில் கட்டிய புத்தகங்கள் அடுக்கியிருந்த சுவரை, முதன்முறை காண்பவரைப் போல நெடுநேரம் பார்த்தார்.

லாரி காலியாகத் திரும்பியது.

"பெரிய மானக்கேட்டுலேந்து காப்பாத்திட்டே," என்றார் அவர். "ஆனா விதி விதிதாம்மா. திங்கட்கிழமைலேந்து வேஸ்ட் ரூம்."

"சரிங்க."

திங்கட்கிழமை காலை அவ்வறையைத் திறந்தேன். தரை முதல் கூரை வரை, கட்டுக்கூடத்திற்கு வந்த அத்தனை புத்தகங்களின் வீணான தாள்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

உணவு இடைவேளையில் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அழறீங்களோன்னு பார்க்க வந்தேன். என்ன அண்ணி, சிரிக்கிறீங்க?"

"இங்க படிக்கக் கூடாதுன்னு விதி இல்லையே!"

என் மடியில், எடு என்று பொருள்படும் டேக் என்ற ஆங்கில வினைச்சொல் விரிந்து கிடந்தது. நாற்பத்திரண்டாம் பொருளோடு தாள் முடிந்திருந்தது. மீதித் தாளைத் தேடி அக்குவியலுக்குள் கையை விட்டேன்.